மாதேவி வேண்டாம் என்றாள்

சென்னப்பன் ஓய்வு பெற்ற அன்றே மூன்றாம் லைனுக்கு அடுத்த சூப்பர்வைசர் யார் என்று மோகனப்ரியா மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். கேன்டீனில் அவருக்கு மைசூர் பேட்டா என்கிற சரிகைத் தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பார்வை மட்டும் பின்வரிசையில் நின்று, பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த மாதேவியின் மேல் இருந்தது.

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் பைக்குகளுக்கும் ஸ்கூட்டர்களுக்குமான ஒயர் கட்டுகள் தயாராகின்றன. ஹெட்லைட்டிலிருந்து பின்னால் எரியும் சிவப்பு விளக்குவரை ஓடும் எல்லா ஒயரையும் ஆள் உயரப் பலகையில் வரிசையாக இழுத்து, டேப் சுற்றி, முனைகளில் கனெக்டர் மாட்டி, அடுத்த பலகைக்குத் தள்ளவேண்டும். லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மோகனப்ரியா அங்கே புரொடக்‌ஷன் மேனேஜர். டிப்ளமோ முடித்துப் பயிற்சியாளராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. படித்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்தவள். அப்படி வந்ததாலோ என்னவோ, யாரைப் பார்த்தாலும் இவரை அடுத்த படிக்கு எப்படி ஏற்றுவது என்றுதான் அவளுக்கு யோசனை ஓடும்.

தொழிற்சாலையில் இருந்த லைன்களிலேயே மூன்றாம் லைன்தான் உருப்படியானது. ரிஜெக்‌ஷன் குறைவு, டார்கெட் தவறாது, சண்டை சச்சரவு கிடையாது. அதன் நடுவில் இருந்தவள் மாதேவி. கோபிநத்தத்துப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மைசூருக்கு வந்து, கும்பாரகொப்பலில் வாடகை வீட்டில் இருந்தாள். கை வேகம் என்று பார்த்தால் அவளைவிட வேகமானவர்கள் இருந்தார்கள். ஆனால் யாருக்கு இன்று தலைவலி, யாருக்கு வீட்டில் தகராறு, யாரை இன்று டேப் சுற்றவிடாமல் கனெக்டர் மாட்டச் சொல்லலாம் என்பதையெல்லாம் அவள் கண்ணாலேயே சொல்லி முடித்துவிடுவாள். லைன் அவள் பேச்சுக்கு அசைந்தது. சென்னப்பன் மேசையில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மோகனப்ரியா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் தனியாக இருந்தால் தமிழில்தான் பேசிக்கொள்வார்கள். மோகனப்ரியாவின் அப்பாவும் அந்தப் பக்கத்துத் தமிழர்தான், கொள்ளேகாலத்துக்காரர்.

"சென்னப்பன் இடத்துக்கு உன் பேரைக் குடுத்திருக்கேன், மாதேவி."

மாதேவி சிரித்தாள். மேடம் ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்திருப்பாள். பிறகு மோகனப்ரியாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"வேண்டாங்க்கா."

"ஏன்?"

"எனக்கு அது ஒத்து வராதுங்க. நான் இவங்களோடயே நின்னுக்கறேன். வேற யாரையாவது போடுங்க."

"பயமா? கம்ப்யூட்டர் வேலையெல்லாம் நான் சொல்லித் தர்றேன். ஒரு வாரத்துல வந்துரும்."

"பயமில்லீங்க்கா. வேண்டாம்னு தோணுது, அவ்ளோதான்."

பயம்தான் என்று மோகனப்ரியா நினைத்தாள். பெண்கள் முதலில் இப்படித்தான் சொல்வார்கள், நாம்தான் கைபிடித்து இழுக்கவேண்டும் என்று அவள் பல கூட்டங்களில் பேசியிருக்கிறாள். தன்னை முதன்முதலில் லைன் இன்ஜினியர் ஆக்கியபோது அவளும் இரண்டு நாள் தூங்காமல் தவித்தவள்தானே. மாதேவி சொன்ன காரணத்தை அவள் காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் பின்னாட்களில் அவளை அதிகம் உறுத்தியது. சாயந்தரம் ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே மாதேவியின் கணவன் ரத்தினசாமி சரக்கு ஆட்டோவோடு நின்றிருந்தான். மோகனப்ரியா தானாகவே போய்ப் பேசினாள்.

"உங்க வீட்டுக்காரிக்கு சூப்பர்வைசர் வேலை குடுக்கறோம். அவதான் தயங்கறா. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

ரத்தினசாமிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அட, நெசமாங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே!" என்றான். மாதேவி கேட்டைத் தாண்டி வருவதற்குள் அவன் ஊருக்குப் போன் போட்டு அவள் அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது. மறுநாள் மாதேவி அறைக்கு வந்து, "சரிங்க்கா" என்றாள். அந்தச் "சரி"யைத் தன் வெற்றி என்று மோகனப்ரியா எடுத்துக்கொண்டாள்.

ஆபரேட்டர்களுக்கு நீலக் கோட்டு, சூப்பர்வைசர்களுக்குச் சாம்பல் நிறக் கோட்டு. மாதேவி சாம்பல் கோட்டைப் போட்டு வந்த முதல் நாள் லைனில் எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அஷ்வினி என்ற பெண் வீட்டிலிருந்து பாயசம் செய்து கொண்டுவந்திருந்தாள். ஏழாம் பலகையில் நிற்கிறவள், மாதேவிக்கு உயிர்த்தோழி. மதியம் கேன்டீனில் மாதேவி வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் மேசைக்குப் போனாள். மறுவாரம் எச்.ஆர். பார்க்கும் கௌஸ்துப் அவளை மெதுவாக ஓரங்கட்டி, சூப்பர்வைசர்கள் அந்தப் பக்கத்து அறையில்தான் சாப்பிடுவது வழக்கம் என்று சொன்னான். சட்டமெல்லாம் இல்லை, வழக்கம் என்றான். மாதேவி இரண்டு மேசைக்கும் போகாமல், ஸ்டோர் ரூம் பக்கம் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். இதை மோகனப்ரியா பார்த்தாள். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

அந்த மாதம் பெங்களூரு தலைமை அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில் மோகனப்ரியா மாதேவியின் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினாள். சாம்பல் கோட்டில், கையைக் கட்டிக்கொண்டு, கேமராவைப் பார்க்காமல் நிற்கும் படம். லைனில் நின்ற பெண் லைனை நடத்துகிறாள் என்று சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். மற்ற ஊர்த் தொழிற்சாலைகளிலும் இதுபோலச் செய்யவேண்டும் என்று நிர்வாக இயக்குநர் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் மோகனப்ரியா சந்தோஷமாக இருந்தாள்.

அதே கூட்டத்தில் இன்னொரு உத்தரவும் வந்தது. தாமதமாக வருகிறவர்களை இனி சூப்பர்வைசர் மன்னிக்க முடியாது. யாராயிருந்தாலும் மேலே சொல்லியாகவேண்டும். மாதேவிக்கு அதை மோகனப்ரியாவே விளக்கினாள். மாதேவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் காலையில் மாடிக் கண்ணாடி அறையில் நின்று காபி குடித்துக்கொண்டே கீழே பார்த்தபோது மோகனப்ரியாவுக்கு ஏழாம் பலகையில் ஆள் இல்லாதது கண்ணில் பட்டது. ஆனால் லைன் நிற்கவில்லை. ஆறில் இருந்தவள் ஒரு கை, எட்டில் இருந்தவள் ஒரு கை என்று ஏழாவதன் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க அழகாகக்கூட இருந்தது. அரைமணி நேரம் கழித்து அஷ்வினி ஓடிவந்து தன் இடத்தில் நின்றாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதேதான்.

மாதேவியைக் கூப்பிட்டுக் கேட்டாள். மாதேவி மறைக்கவில்லை. அஷ்வினியின் மகளுக்குக் காது கேட்காது. மானசகங்கோத்ரி பக்கத்தில் இருக்கும் பயிற்சி நிலையத்தில், வாரத்தில் சில நாள் காலையில் அம்மாவும் கூட உட்கார்ந்து குழந்தைக்குப் பேசப் பழக்கவேண்டும். அதை முடித்துக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பஸ் பிடித்து வருவதற்குள் நேரமாகிவிடும். சென்னப்பன் காலத்திலிருந்தே இப்படித்தான் நடக்கிறது.

"லைன்ல ஒரு பீஸ் குறைஞ்சுதுங்களா? நாங்களே பாத்துக்கறோம்க்கா. இதை விட்டுருங்க."

"நாங்க நாங்கன்னு சொல்லாதே, மாதேவி. இப்ப நீ அவங்கள்ல ஒருத்தி இல்ல. சூப்பர்வைசர். இன்னிக்கு அஷ்வினிக்கு விட்டா நாளைக்கு ரெண்டாம் லைன்ல வேற ஒருத்தி கேப்பா. அப்ப என்ன சொல்வே?"

"அப்ப நீங்களே அவகிட்டப் பேசுங்க. நான் சொல்ல மாட்டேங்க."

"நீதான் சொல்லணும். நான் சொன்னா உனக்கு அங்க மரியாதை இருக்காது. எச்சரிக்கை மெமோவை நீயே உன் கையால குடு. ஒரு தடவை செஞ்சுட்டா அப்புறம் எல்லாம் சுலபமாயிரும்."

இதையெல்லாம் மோகனப்ரியா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. புதிதாக மேலே வந்தவர்கள் பழைய சிநேகிதத்தை உதறிவிட்டு நிற்கப் பழகவேண்டும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். வேலை செய்யுமிடத்தில் தானாக உருவாகும் குழுக்களைப் பற்றி எம்.பி.ஏ. பரீட்சையில் அவள் மூன்று பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். அப்படிப்பட்ட குழுக்களை நிர்வாகம் மதிக்கவேண்டும் என்றுகூட அதில் எழுதியிருந்தாள்.

மாதேவி மெமோவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கொடுப்பாள் என்று மோகனப்ரியா எதிர்பார்த்தாள். மாதேவியோ நேராக ஏழாம் பலகைக்குப் போய், லைன் முழுக்கக் கேட்கும்படி கன்னடத்தில் சத்தம் போட்டாள். உன்னால் எத்தனை பேருக்குத் தொந்தரவு, குழந்தையைக் காரணம் சொல்லியே எத்தனை நாள் ஓட்டுவாய் என்று என்னென்னவோ கத்தினாள். தன்னால் செய்ய முடியாததைச் செய்யவேண்டி வந்தபோது கோபத்தை வரவழைத்துக்கொண்டுதான் அவளால் செய்ய முடிந்தது போலிருக்கிறது. அஷ்வினி காகிதத்தை வாங்கி மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, டேப் சுற்றுவதைத் தொடர்ந்தாள். அழவில்லை. சுற்றியிருந்த யாரும் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

இரண்டாவது மெமோ வந்தது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அதற்கு முன் அஷ்வினி தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து மூன்றாம் லைன் மாதேவியோடு பேசுவதை நிறுத்தியது. வேலை நடந்தது. சொன்னதைச் செய்தார்கள். சொல்லாததை ஒருவரும் செய்யவில்லை. ஒருத்திக்குத் தலைவலி என்றால் பக்கத்தில் இருந்தவள் கை கொடுக்காமல் கையைத் தூக்கிச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். டார்கெட் எட்டும், அதற்கு மேல் ஒரு கட்டு நகராது. சிரிப்புச் சத்தம் கேட்ட இடத்தில் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. மாதேவி வரும்போது பேச்சு நிற்கும், போனதும் தொடங்கும். அவளும் மாறிப்போனாள். சின்னத் தப்புக்கும் கத்தினாள். கத்திவிட்டு ஸ்டோர் ரூமில் போய் உட்கார்ந்திருந்தாள்.

ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு லைனிலும் மிஷின்களுக்குப் பொட்டு வைத்து, மாவிலை கட்டி, சாமந்திச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்றாம் லைனில் பூஜைக்குக் கற்பூரம் காட்டியதும் தட்டை யாரும் மாதேவியின் பக்கம் கொண்டுபோகவில்லை. மறந்திருக்கலாம். மோகனப்ரியா தானே அந்தத் தட்டை வாங்கி அவளிடம் நீட்டினாள். மாதேவி தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டாள்.

பூஜை விடுமுறை முடிந்து வந்த முதல் நாள் மாதேவி அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், என்னை மறுபடியும் லைனுக்கே அனுப்பிருங்க."

எப்போதும் "அக்கா" என்பவள் "மேடம்" என்றது மோகனப்ரியாவுக்குச் சுருக்கென்றது.

"அப்படியெல்லாம் திரும்பிப் போக முடியாது, மாதேவி."

"ஏனுங்க முடியாது? நான்தானே கேக்கறேன். சம்பளமும் பழையதே போதுமுங்க. மூணாம் லைன் கூட வேண்டாம், எந்த லைன்ல போட்டாலும் சரி. கோட்டைக் கழட்டிட்டு நிக்கறேன்."

"ஒரு ஆறு மாசம் பொறுத்துக்கோ. எல்லாம் சரியாயிரும்."

"எனக்கு சரியாகாதுங்க, மேடம். வீட்டுக்குப் போனா எம் பசங்ககிட்டயும் இதே மாதிரி கத்தறேன். நேத்து சின்னவன் என்னைப் பாத்துக் கதவுக்குப் பின்னாடி போயிட்டான்."

மோகனப்ரியா கௌஸ்துப்பிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னாள். பேசவும் செய்தாள். மேலே போனவரைக் கீழே இறக்கினால் அது தண்டனை என்றுதான் பதிவாகும், தானாகக் கேட்டு இறங்குவதற்கு நம் விதியில் இடமில்லை என்றான் கௌஸ்துப். "ஆனா நீங்க அழுத்திக் கேட்டா பெங்களூருல ஒத்துக்குவாங்க, மேடம். ஸ்பெஷல் கேஸ்னு ஒரு மெயில் போட்டாப் போதும். போடட்டுமா?"

அந்த மெயில் யார் யார் கண்ணில் படும் என்று மோகனப்ரியா யோசித்தாள். கைதட்டியவர்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த மைசூர் சூப்பர்வைசர் எப்படி இருக்கிறாள் என்று நிர்வாக இயக்குநர் கேட்டால் என்ன சொல்வது?

"இப்ப வேண்டாம், கௌஸ்துப். கொஞ்சம் பாக்கலாம்" என்றாள்.

மாதேவியிடம் விதியில் இடமில்லை என்று மட்டும் சொன்னாள். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மாதேவி கேட்டுக்கொண்டு, "சரிங்க, மேடம்" என்று போனாள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன் என்று விடுப்பு எடுத்தவள் வேலைக்குத் திரும்பி வரவில்லை. ரத்தினசாமிதான் வந்து கோட்டையும் அடையாள அட்டையையும் கொடுத்துவிட்டுப் போனான். மோகனப்ரியா இருக்கிறாளா என்று அவன் விசாரிக்கவே இல்லை.

மூன்றாம் லைனுக்கு வெளியிலிருந்து ஒரு சூப்பர்வைசரைக் கொண்டுவந்தார்கள். அதற்குள் பழையவர்களில் சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், சிலரை மற்ற லைன்களுக்கு மாற்றினார்கள். மூன்றாம் லைனும் மற்ற லைன்களைப் போல ஆகிவிட்டது. அவ்வளவுதான். தொழிற்சாலைக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. பெங்களூருவில் யாரும் மாதேவியைப் பற்றிக் கேட்கவும் இல்லை. அவர்கள் கேட்பார்கள் என்று பயந்துதானே அந்த மெயிலைப் போடாமல் விட்டோம் என்பது மோகனப்ரியாவுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கூட்டம் முடிந்து எழும்போதெல்லாம் அந்த நினைப்பு வந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் போல அவள் ஒரே காரியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே போனவர் தானாகக் கேட்டால், எந்தக் கரும்புள்ளியும் இல்லாமல் பழைய வேலைக்கே திரும்பலாம் என்று விதியை மாற்றச் சொல்லி, விடாமல் பெங்களூருவுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கௌஸ்துப் உதவினான். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கும்பாரகொப்பலுக்குப் போனாள்.

மாதேவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆளைக் கண்டதும் திடுக்கிட்டாள். பிறகு, "வாங்க, வாங்க" என்று உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். இப்போது மேட்டகள்ளியில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. காபி கொண்டுவந்து வைத்தாள்.

மோகனப்ரியா வந்த விஷயத்தைச் சொன்னாள். விதி மாறிவிட்டது, உனக்காகத்தான் போராடினேன், எப்போது வேண்டுமானாலும் பழைய வேலைக்கே வரலாம் என்றாள்.

மாதேவி பொறுமையாகக் கேட்டாள். "நல்லதுங்க. அடுத்து வர்றவங்களுக்கு உதவும்" என்றாள். "நான் எதுக்குங்க வரணும்? நான் நின்ன லைன் இப்ப அங்க இல்லீங்களே."

"அன்னிக்கு நான் கேட்டிருந்தா நடந்திருக்கும், மாதேவி. நான் கேக்கல. என் பேரு கெட்டுப்போகும்னு பயந்துட்டேன்."

"தெரியுமுங்க. கௌஸ்துப் சார் சொன்னாரு." மாதேவியின் குரலில் கோபம் இல்லை. "நானும் ஒண்ணும் ஒழுங்கில்லீங்க்கா. அவளை அப்படிப் பேசுனது என் வாய்தானே. நீங்க காயிதம்தான் குடுக்கச் சொன்னீங்க, கத்தச் சொல்லலியே." காபி தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "அஷ்வினியைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

மோகனப்ரியா இல்லை என்று தலையசைத்தாள். இத்தனை நாளும் மாதேவிக்காக வருந்தியிருக்கிறாள், மாதேவிக்காகவே விதியை மாற்றியிருக்கிறாள். அஷ்வினியை அவள் ஒரு பலகை எண்ணாகத்தான் நினைவில் வைத்திருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது அவளுக்கே தெரிந்தது.

மாதேவி வழி சொன்னாள். வீடு ஹின்கல் பக்கம், ஒரு மாவு மில்லுக்குப் பின்னால். "நான் போயிட்டு வந்தேங்க. மொதல் தடவை கதவே தொறக்கல. இப்பப் போனாக் காபி குடுக்கறா."

மோகனப்ரியா நேராக அங்கே போனாள். அஷ்வினி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. பின்னால், தரையில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி, காதில் கருவியோடு, துண்டுத் துணிகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மோகனப்ரியா மன்னிப்புக் கேட்டாள். கன்னடத்தில் அதற்குச் சரியான வார்த்தைகள் தெரிந்தும் அன்று அவளுக்கு வாய் குழறியது.

அஷ்வினி கதவு நிலையில் கை வைத்தபடி கேட்டாள். "என்னை ரெண்டாம் ஷிஃப்டுக்கு மாத்தியிருந்தா போதும், மேடம்" என்றாள். "காலைல பாப்பாவோட பயிற்சி, மத்தியானத்துல வேலை. அதைக் கேக்கலாம்னுதான் மாடிக்கு ரெண்டு தடவை வந்தேன். ரெண்டு தடவையும் நீங்க மீட்டிங்ல இருந்தீங்க. அப்புறம் மாதேவி கத்தினா. கேக்கத் தோணல."

இரண்டாம் ஷிஃப்ட். அப்போது அதில் ஆள் பற்றாக்குறைகூட இருந்தது. ஒரு கையெழுத்துக் காரியம். மோகனப்ரியாவுக்கு அது ஒருதரம்கூடத் தோன்றவில்லை. விதி, மரியாதை, முன்னுதாரணம் என்று எல்லாம் யோசித்தவள், இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லை.

"இப்ப வேணும்னா..." என்று ஆரம்பித்தாள்.

"இல்ல, மேடம். இப்ப இது பழகிடுச்சு." உள்ளே குழந்தை ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள். தெளிவில்லாத சொல்தான், ஆனாலும் அஷ்வினிக்குப் புரிந்தது. "வர்றேன்டா" என்று திரும்பிச் சொல்லிவிட்டு, "தையல் அர்ஜென்ட் இருக்கு, மேடம். சாயந்தரம் குடுக்கணும்" என்றாள்.

கதவைச் சாத்தவில்லை. ஆனால் உள்ளே போய் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

மோகனப்ரியா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திரும்பினாள். இதெல்லாம் நடந்து நாளாகிவிட்டது. மோகனப்ரியா அதே வேலையில்தான் இன்னும் இருக்கிறாள். அந்தப் புது விதியைப் பயன்படுத்தி இரண்டு பேர் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள், இரண்டு பேரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். அதைப் பற்றி யாராவது அவளைப் பாராட்டினால் அவள் பேச்சை மாற்றிவிடுகிறாள். ஹின்கல் பக்கம் அதற்குப் பிறகு அவள் போகவில்லை. போகவேண்டும் என்று பல ஞாயிற்றுக்கிழமை நினைத்திருக்கிறாள். போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.